வலது பக்கத்துக் குரல்

மூன்று மாதம் நான் ஆர்கனைத் தொடக் கூடாது என்று எங்கள் சபையில் முடிவெடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஓய்வு. ஜனவரி முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து ஜனங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆயர் என்னைத் தனியாக அழைத்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் வாசித்துவிட்டீர்கள், கொஞ்சநாள் ஊர் ஊராகப் போய் மற்ற சபைகளின் பாடகர் குழுக்களைக் கேட்டுவிட்டு வாருங்கள், வெளிநாடுகளில் இதெல்லாம் வழக்கம்தான் என்றார். சொல்லும்போது என் தோளில் கை போட்டிருந்தார். அந்தக் கை விழுந்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

குருத்தோலை ஞாயிறன்று நான் கற்றுக்கொண்டு வந்ததைச் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபின், ஆர்கனில் இனி யார் உட்காருவது என்று கமிட்டி முடிவு செய்யும். அதுவரை எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒரு தம்பி வாசிப்பார். நல்ல பையன்தான். ஆனால் தாளத்தைப் பொத்தானில் வைத்திருப்பவர். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் அவரை நினைத்துப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

இத்தனைக்கும் காரணம் அக்டோபரில் ஒரு புதன்கிழமை நடந்த பாட்டுப் பயிற்சி. எங்கள் கோவிலில் ஆர்கனின் ஸ்பீக்கர் எனக்கு இடது பக்கச் சுவரில் இருக்கிறது. பாடகர் குழு எனக்கு வலது பக்கம் தொடங்கி, ஆண்கள் வரிசை எதிரே வரும்படி வளைந்து நிற்கும். பெண்களின் மேல் குரல்தான் எனக்கு மிக அருகில். அந்த வரிசையின் முதல் ஆள் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பாள். எங்கள் குழுவிலேயே பெரிய குரல் அவளுடையது. அன்றைக்கு மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குரல் ஆர்கனை விட்டு ஏறி ஏறிப் போனது. நிறுத்தினேன். மறுபடி வாசித்தேன். மறுபடி ஏறியது. ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "அம்மணி, உன்னால எல்லாருக்கும் சுருதி கெடுது. நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை" என்று சொன்னேன்.

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த புதன்கிழமை வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, ஆனால் அதுதான் உண்மை. அவள் இடத்துக்கு அடுத்தவள் நகர்ந்து வந்தாள். அவளுக்கும் ஏறியது. அவளையும் திட்டினேன். நவம்பருக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் மேல் குரல் என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை. ஜனவரியில் ஆயரின் கை என் தோளில் விழுந்தது.

நான் செய்ததை என் தொழிலை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். நான் நிட்டிங் ஷெட்டில் பிட்டர். உருளை மாதிரி சுற்றும் மெஷின், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஊசிகள், நூல் உள்ளே போய்த் துணியாக இறங்கும். அதில் ஒரே ஒரு ஊசி வளைந்தால் போதும், துணி முழுக்க மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். மற்ற பிட்டர்கள் மெஷினை நிறுத்தி, லைட் அடித்து, ஊசி ஊசியாகத் தேடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன். ஓடுகிற மெஷின் பக்கத்தில் குனிந்து, வலது காதைக் கொடுத்துக் கேட்பேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிக் என்று ஒரு சத்தம் வரும். அதை வைத்தே இந்தப் பக்கம், இந்த இடம் என்று காட்டுவேன். பிடுங்கிப் போட்டால் கோடு போய்விடும். முப்பது வருஷமாக இந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டது. ஷெட்டில் முதலாளிகூட ஆட்களை அழைத்து வந்து என்னைக் காட்டுவார். பாடகர் குழுவிலும் நான் அதையேதான் செய்தேன். கோடு விழுந்தது, ஊசியைத் தேடினேன், பிடுங்கினேன். கோடு போகவில்லை, அடுத்ததைப் பிடுங்கினேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழைய கதை உண்டு. என்னோடு வேலை பார்த்த இன்னொரு பிட்டர் ஒருமுறை நான்கு மெஷின்களின் துணி ரோலிலும் ஒரே மாதிரிக் கோட்டைப் பார்த்துவிட்டு, அரைநாள் உட்கார்ந்து நான்கிலும் ஊசி மாற்றினார். கடைசியில் பார்த்தால் கோடு துணியில் இல்லை. துணியை ஓடவிட்டுப் பார்க்கிற மேஜையின் விளக்குக் கண்ணாடியில் ஒரு விரிசல். எந்தத் துணியை ஓட்டினாலும் அந்த விரிசல் கோடாகத் தெரிந்திருக்கிறது. அந்த மனுஷனை நான் பத்து வருஷம் கிண்டல் அடித்தேன். டீ குடிக்க வந்தால்கூட டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, விரிசல் இருக்குதுங்களா என்று கேட்பேன்.

சரி, ஓய்வுக்கு வருகிறேன். ஒரு நோட்டு வாங்கினேன். மேலே "கற்றுக்கொண்டவை" என்று எழுதினேன். உள்ளுக்குள் எனக்குக் கற்றுக்கொள்ளும் எண்ணமெல்லாம் இல்லை. மற்ற சபைகளில் இருக்கும் குறைகளை எழுதிக்கொண்டு வந்து, பாருங்கள் நம் குழு எவ்வளவோ தேவலாம் என்று சொல்லி என் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் திட்டம்.

முதலில் அனுப்பர்பாளையம் போனேன். பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே சின்னக் கோவில், எட்டுப் பேர் பாடினார்கள். அவர்கள் என் வலது பக்கம் வரும்படி பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்தேன். பாடகர்களை அந்தப் பக்கம் வைத்துக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இரண்டாவது பாட்டிலேயே மேல் குரல் ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம். நோட்டில் எழுதிக்கொண்டேன். முடிந்ததும் அவர்களுடைய குழுத் தலைவரிடம் போய், மேல் ஸ்வரத்தில் உங்கள் பெண்கள் தூக்கிவிடுகிறார்கள் என்று பெரிய மனுஷன் தோரணையில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படிங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்து கோயம்புத்தூரில் ஒரு பெரிய சபை. நாற்பது பேருக்கு மேல், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, நான்கு குரலில் பாடுகிறவர்கள். அவர்கள் பாடிக் கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். நானும் வழக்கம்போல அவர்களை வலது பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு மேலே போனபோது பெண்கள் குரல் மொத்தமாக ஏறியது. ஒருத்தி இல்லை, பதினைந்து பேர் சேர்ந்து ஏறினார்கள். நான் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். யார் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், சுகத்தில். நோட்டை எடுத்தேன். எழுத வரவில்லை. இத்தனை பெரிய சபையில் ஒருவருக்கும் காது இல்லையா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வி எனக்கே கொஞ்சம் அபத்தமாகப் பட்டது. பேருந்தில் திரும்பும்போது எதையும் யோசிக்காமல் தூங்கப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

அந்த வாரம் ஷெட்டில் இன்னொன்று நடந்தது. ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் ஆபரேட்டராக இருக்கும் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு மெஷினைக் காட்டினார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி அதைவிட மோசம். ஊசி, ஊசி என்று சொல்லித் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவருக்குச் சத்தம் கேட்கிறது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். எனக்கு டிக் கேட்கவில்லை. கேட்ட மாதிரி தலையாட்டிவிட்டு, பிறகு அவர் நகர்ந்ததும் மெஷினை நிறுத்தி, லைட் அடித்து, மற்றவர்களைப் போல ஊசி ஊசியாகத் தேடினேன். அவர் தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயில் குறைந்ததால் மெஷின் இரைச்சல் அதிகம் என்று யாரும் கேட்காமலே அவரிடம் போய்ச் சொன்னேன்.

மார்ச் முதல் ஞாயிறு உடுமலைப்பேட்டை போனேன். பல்லடத்தில் பேருந்து நின்றுவிட்டதால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். கோவில் நிரம்பியிருந்தது. எனக்குக் கிடைத்த இடம் மறுகோடியில், பாடகர் குழு எனக்கு இடது பக்கம் வருகிற மாதிரி. எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். அவர்கள் பாட ஆரம்பித்ததும் எரிச்சலெல்லாம் போய்விட்டது. பன்னிரண்டே பேர். ஆனால் மேல் குரல் நூல் பிடித்த மாதிரி நின்றது. எவ்வளவு மேலே போனாலும் ஒரு பிசிறு இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படி ஒரு பாட்டைக் கேட்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிந்ததும் ஓடிப்போய் அவர்களுடைய தலைவியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அம்மா அவர். இதுவரைக்கும் நான் கேட்டதிலேயே உங்கள் குழுதான் என்று மனசாரச் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். மத்தியானம் பயிற்சி இருக்கிறது, இருந்து கேட்டு, ஏதாவது குறை இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார்.

மத்தியானம் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஆர்கன் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். இப்போது அதே பன்னிரண்டு பேர், அதே பாட்டு, எனக்கு வலது பக்கம். மேலே போனதும் குரல் ஏறியது.

நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். காலையில் அவ்வளவு நன்றாக இருந்ததே, இப்போது என்ன ஆயிற்று, மேலே ஏறுகிறதே என்றேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மா தன் போனை எடுத்து, சுருதி காட்டுகிற ஆப்பைத் திறந்து ஆர்கன் மேல் வைத்தார். மறுபடி பாடச் சொன்னார். சுருதி சரி என்று போனில் பச்சைக் கோடு நடுவில் நின்றது. பாட்டு மேலே போனது, பச்சைக் கோடு நடுவிலேயே நின்றது. என் காதில் மட்டும் அது ஏறியது. போனைப் பார்த்தேன், பாடுகிற வாய்களைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன்.

"போன் சில நேரம் தப்பாக் காட்டுமுங்க" என்றேன்.

"காட்டுமுங்க" என்றார் டீச்சரம்மா, ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது ஜன்னல் ஓர இடம். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் நோட்டைத் திறந்து எழுதியிருந்ததைப் படித்தேன். அனுப்பர்பாளையம், மேல் குரல் ஏறுகிறது. கோயம்புத்தூர், மேல் குரல் ஏறுகிறது. உடுமலை, காலையில் சரி, மத்தியானம் ஏறுகிறது. எங்கள் சபை, ஒருத்தி போனபின் அடுத்தவள், அடுத்தவள் போனபின் இன்னொருத்தி. எந்தத் துணியை ஓட்டினாலும் ஒரே இடத்தில் கோடு. நான் பத்து வருஷம் கிண்டல் அடித்த அந்த பிட்டரின் முகம் ஞாபகம் வந்தது. விரிசல் மேஜையில் இருக்கிறது. பேருந்து பல்லடம் தாண்டும்வரை நான் நோட்டை மூடவில்லை.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் என் பழைய கீபோர்டை எடுத்து வைத்தேன். மேலே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது காதை விரலால் அடைத்துக் கேட்டேன். பிறகு இடதை அடைத்துக் கேட்டேன். ஒரே கட்டைதான், விரலை எடுக்கவில்லை. இரண்டு ஸ்வரம் கேட்டது. வலது காதில் அது ஸ்வரத்தில் கால் பங்கு ஏறி, கொஞ்சம் தகரம் மாதிரி கேட்டது. கீழே வந்தால் இரண்டும் ஒன்றாக இருந்தது. மேலே போகப் போகப் பிரிந்தது. பத்துத் தடவை செய்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை அப்படியேதான் சொல்ல வேண்டும்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சீண்டாமல் அவளுக்கு ஒருநாள் போகாது. டீவி சத்தத்துக்காக ரெண்டு வருஷமாகச் சொல்கிறாள், பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கும் சேர்த்தா வைக்கிறீங்க என்று. அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை. "டாக்டருகிட்டப் போலாமுங்க" என்றாள்.

காது டாக்டரிடம் போனோம். என்னை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். வலது காதுக்கு வந்து, சத்தம் மேலே போகப் போக அமுக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் என்னவோ திருகிக்கொண்டே இருந்தாள். டாக்டர் காகிதத்தில் இறங்கிப் போன கோட்டைக் காட்டி, எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். எந்தக் காதை மெஷின் பக்கம் வைப்பீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். போனது திரும்பாதுங்க, மிச்சத்தைக் காப்பாத்திக்குங்க என்றார். ஆர்கன் வாசிப்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

இனி என்ன? யோசித்தேன். சபையில் தெரிந்தால் கதை முடிந்தது. காது கேளாதவனை யாராவது ஆர்கனில் உட்காரவைப்பார்களா? ஆனால் ஒரு வழி இருந்தது, அதுவும் சுலபமான வழி. ஆர்கனை எதிர்ப் பக்கம் நகர்த்திவிட்டால் போதும். பாடகர் குழு என் இடது பக்கம் வந்துவிடும், நல்ல காதுப் பக்கம். உடுமலையில் கேட்ட மாதிரியே எல்லாம் சுத்தமாகக் கேட்கும். மற்ற சபைகளில் பார்த்துக் கற்றுக்கொண்ட புது முறை என்று சொன்னால் கமிட்டியே கைதட்டும். ஒருத்தருக்கும் தெரியாது. நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோவில் படம் போட்டு, ஆர்கன் எங்கே, ஸ்பீக்கர் எங்கே, யார் எங்கே நிற்பது என்று அழகாக வரைந்தேன். ரெண்டு நாள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது.

மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நோட்டை என் மடியில் வைத்தாள்.

"ஏனுங்க, இதுல அந்தக் கோவில்பட்டிக்காரப் பொண்ணு எங்க நிக்குதுங்க?"

நான் படத்தில் பாடகர் வரிசையை விரலால் தேடினேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வரிசையாகப் பத்து வீடு, பொதுவில் ஒரு குழாய். அவள் புருஷன் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. அவள்தான் உள்ளே வரச்சொல்லி ஸ்டூல் எடுத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, உடுமலையிலிருந்து டாக்டர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். உன் சுருதி ஏறவே இல்லை அம்மணி, தப்பெல்லாம் என் காதில்தான் என்றேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவள் அழுவாள், இல்லாவிட்டால் போனால் போகட்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றபடி, தன் பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னாள். அக்டோபரிலிருந்து அவள் வீட்டில் பாடுவதில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கக்கூடப் பாடுவதில்லை. தொண்டையில் ஏதோ கோளாறு, தனக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஓவர்லாக் மெஷின் ஓடும்போது மட்டும் பாடுவாளாம். அந்த இரைச்சலில் பக்கத்து மெஷின்காரிக்கும் கேட்காது, அவளுக்கே கேட்காது.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் வச்சுச் சொன்னீய அண்ணாச்சி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு என் வீட்டுக்குள்ள வந்து மெதுவாச் சொல்லுதீய."

அந்த வார்த்தை என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இடது காது, வலது காது இரண்டிலும் ஒரே மாதிரிதான் கேட்டது. எழுந்து வந்துவிட்டேன். வாசலில் அவள் புருஷன் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் சொல்லிவிடலாம் என்றிருக்கும், சாயங்காலம் எதற்கு என்றிருக்கும். இருபத்திரண்டு வருஷம். என் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கும் நான்தான் வாசித்தேன். அந்த நாற்காலி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே உட்காருவேன் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்னொரு விஷயம், ஷெட்டில் தெரிந்தால் அங்கேயும் என் மதிப்புப் போய்விடும். மனைவி சனிக்கிழமை என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள்.

குருத்தோலை ஞாயிறு. பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு வலம் வந்து முடித்தார்கள். மெர்ச்சண்டைசர் தம்பி பொத்தானை அணைத்தார். ஆயர், நம் அண்ணன் மூன்று மாதம் பயணம் செய்து நிறையக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று சிரித்தபடி என்னை அழைத்தார். நோட்டோடு போனேன். முதல் பெஞ்சில் கமிட்டி. கடைசிப் பெஞ்சில், கதவு ஓரமாக, அவள். மடியில் பிள்ளை. ஐந்து மாதத்துக்குப் பிறகு கோவிலுக்கு வந்திருக்கிறாள். யார் சொல்லி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நோட்டைத் திறந்தேன். படம் வரைந்த பக்கம்தான் வந்தது. நோட்டை மூடினேன்.

நான் என்ன பேசினேன் என்பது எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. போன அக்டோபரில் இந்தக் கோவிலில் ஒரு பெண்ணைப் பாட வேண்டாம், வாயை மட்டும் அசை என்று சொன்னேன், அவள் சுருதி சரியாக இருந்தது, என் வலது காதுதான் கெட்டுப்போயிருந்தது, பிறகு இன்னும் இரண்டு பேரையும் அப்படியே விரட்டினேன், மூன்று பேரிடமும் உங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். இனி யாருடைய சுருதி சரி, யாருடையது தப்பு என்று சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆர்கனில் யாரை உட்காரவைப்பது என்பதைக் கமிட்டி இதை வைத்து முடிவு செய்யட்டும் என்றேன். கற்றுக்கொண்டது இவ்வளவுதானுங்க என்று முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

கமிட்டி அன்றைக்கு ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஈஸ்டர் வரைக்கும் நீங்களே வாசியுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் ஆயர். இந்தத் தடவை தோளில் கை போடவில்லை.

புதன்கிழமை பயிற்சி. ஈஸ்டர் பாட்டில் மேல் குரல் தனியாகப் போகிற ஓர் இடம் இருக்கிறது, அதைப் பாட ஆள் இல்லை. அந்த மெர்ச்சண்டைசர் தம்பியும் வந்து, ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டார். நான் என் இடது பக்கம், ஸ்பீக்கருக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் ஒழித்து வைத்திருந்தேன். வந்தால் அங்கே நிற்கட்டும், நல்ல காதில் கேட்கலாம் என்று. ஆறரைக்கு ஆரம்பிக்க வேண்டும், ஏழு ஆகியும் நான் ஆரம்பிக்கவில்லை. எல்லாருக்கும் ஏன் என்று தெரியும்.

ஏழேகாலுக்கு வந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஜன்னல் மேடையில் ஐந்து மாதமாகக் கிடந்த தன் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். நான் இடது பக்கத்தைக் கைகாட்டி, இங்க வா அம்மணி என்றேன். அவள் நின்று அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய், வலது பக்கம் தன் பழைய இடத்தில் நின்றாள்.

"நான் எப்பவும் நிக்குத இடத்துலயே நிக்கேன் அண்ணாச்சி" என்றாள். "நீங்க வாசிங்க."

வாசித்தேன். பாட்டு மேலே போகும் இடம் வந்தது. அவள் குரல் எழும்பியது. எனக்கு அது ஏறித்தான் கேட்டது, முன்பு கேட்ட அதே மாதிரி, கால் பங்கு ஏறி, தகரம் மாதிரி. கை தானாக நிற்கப் பார்த்தது. நிறுத்தவில்லை. தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தது. திரும்பவும் இல்லை. எதிரே நின்ற ஆண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தேன்.